கையெழுத்துப் போடும் முன்: வேலை விபத்து இழப்பீடு பற்றி வாசகர் கேள்வி பதில்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அன்றோடு 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் தனிச் சட்டமாக இல்லாமல், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஓர் அத்தியாயம் ஆகிவிட்டது. "சட்டமே போய்விட்டது, இனி ஒன்றும் கிடைக்காது" என்று எஸ்டேட்களில் பேச்சு ஓடுவதாகப் பல கடிதங்கள் சொல்கின்றன. அது தவறு. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டம், பின் நடந்ததற்குப் புதிய தொகுப்பு. பழைய விதிகளும் அறிவிக்கைகளும், புதியதோடு முரண்படாதவரை, ஓராண்டுக்குத் தொடரும் என்று தொகுப்பே சொல்கிறது. ஆகவே கடிதம் எழுதுகிறவர்கள் விபத்து நடந்த தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

என் வீட்டுக்காரர் பாட் லீஃப் ஃபேக்டரியில் (விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலைத் தூள் செய்யும் இடம்) சிடிசி என்ற இலை அரைக்கும் மெஷினில் வேலை பார்க்கிறார். 2025 ஆகஸ்டில் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. வயது 34, சம்பளம் 12,500. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கட்டினார். இப்போது 60,000 தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்கிறார். போடலாமா?
– வாசகி, கோத்தகிரி

போட வேண்டாம். போட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு அதை உடைக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

முதலில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பற்றிப் பார்த்துவிடுவோம். இஎஸ்ஐ உள்ள இடத்தில் முதலாளி மேல் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் தேயிலை தயாரிப்பதை மட்டுமே செய்யும் ஃபேக்டரி, ஆண்டு முழுக்க ஓடினாலும், சட்டத்தின் கண்ணில் 'பருவகாலத் தொழிற்சாலை'. அதற்கு இஎஸ்ஐ கிடையாது. பலருக்கு இது தெரியாமல், "இஎஸ்ஐயில் போய்க் கேள்" என்று யாரோ சொல்ல, ஆறு மாதம் வீணாகிறது. தூளைக் கலந்து பாக்கெட் மட்டும் போடும் இடம், ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் ஓடினால், இந்த விலக்கில் வராது. சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே உள்ள கணக்கு உங்களுக்கானது.

நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக் காரணியால் (ஒவ்வொரு வயதுக்கும் சட்டப் பட்டியலில் உள்ள எண்) பெருக்க வேண்டும். 34 வயதுக்குக் காரணி 199.40. சம்பளத்தில் 60 சதவீதம் 7,500. பெருக்கினால் 14,95,500. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்டப் பட்டியலில் 20 சதவீதம். ஆக 2,99,100 ரூபாய். இது அடிப்படைத் தொகை. விபத்து நடந்த நாளே இந்தத் தொகை கொடுபடவேண்டியதாகிவிடுகிறது என்று 1976-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பழைய சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. உங்கள் தொகைக்கு ஆண்டுக்கு 35,892. காரணமில்லாமல் இழுத்தடித்தால் அசலில் பாதிவரை அபராதமும் விதிக்கலாம். மருத்துவத்துக்குச் செலவழித்ததை இதில் கழிக்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். "விரல்களில் காயம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கேயே பணம் குறையும். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் 5. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு விலை இருக்கிறது. எந்தக் கணுவில் துண்டானது என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும், எக்ஸ்ரேவும் கையில் இருக்க வேண்டும். இந்தச் சதவீதமே முடிவு என்றும் இல்லை. மேலே சொன்ன 1976 வழக்கில் ஒரு தச்சர் இடது கையை இழந்தார். ஒரு கையோடு தச்சு வேலை பார்க்க முடியாது என்பதால் அவருக்கு நூறு சதவீதமாகக் கணக்கிட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

"மெஷினின் பாதுகாப்பு மூடியை அவனே கழற்றினான்" என்ற பதில் வரக்கூடும். பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினால், குடித்திருந்தால், தெளிவான உத்தரவை வேண்டுமென்றே மீறினால் இழப்பீடு மறுக்கலாம் என்பது உண்மை. சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த மறுப்பு செல்லாது. விரல் போன கேஸில் எடுத்துவைக்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு. சிடிசியில் ஒரு ரோலர் நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்றும், எதிர் ரோலர் 700 சுற்றும் போகும்; இரண்டுக்கும் நடுவில்தான் இலை அரைபடுகிறது. இலை அடைத்துக்கொண்டால், உற்பத்தி நிற்கக் கூடாது என்று, ஓடும்போதே கையால் தள்ளுவது வழக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு. சுவிட்சை அணைத்தாலும் ரோலர் உடனே நிற்காது. மேற்பார்வையாளர் கண்ணெதிரே தினமும் அப்படித்தான் வேலை நடந்தது என்றால், உடன் வேலை செய்தவர் இருவரின் சாட்சியமே போதும்.

முதலாளி உண்மையிலேயே பேசி முடிக்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. ஒப்புக்கொண்ட தொகையை எழுதி, தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை மிகக் குறைவு என்று தோன்றினால் பதிவு செய்ய அவர் மறுப்பார். உங்களுக்கு அது பாதுகாப்பு, முதலாளிக்கும் நாளைக்கு மறுபடி வழக்கு வராது. புதிய தொகுப்பில் இந்தப் பொறுப்பு 'தகுதிவாய்ந்த அதிகாரி'க்கு. குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் யாரிடம் தாக்கல் செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொழுந்து பறிக்கப் போகும் வழியில், காலை ஆறரை மணிக்கு, எங்கள் அக்காவை யானை தாக்கியது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. "இன்னும் வேலைக்கு வரவே இல்லை, வனத்துறையிடம் வாங்கிக்கொள்" என்று எஸ்டேட்டில் சொல்கிறார்கள்.
– வாசகர், கூடலூர்

முன்பு இப்படிச் சொல்லித் தப்பிக்க முடிந்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் இதில் ஒரு முடிவு சொல்லிவிட்டது. அதிகாலை மூன்று மணி ஷிஃப்ட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போன சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் வழியில் இறந்துபோன வழக்கு அது. வீட்டிலிருந்து வேலைக்குப் போவதும் வேலை முடிந்து வீடு திரும்புவதும், நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வேலையின் பகுதியே என்றது தீர்ப்பு. பழைய சட்டத்துக்கே சொன்ன விளக்கம் இது. புதிய தொகுப்பில் அதே விஷயம் எழுத்திலேயே இருக்கிறது. ஆகவே அக்காவுக்கு எந்தத் தேதியில் விபத்து நடந்திருந்தாலும் வழி உண்டு.

அந்தத் 'தொடர்பு' என்ற சொல்லில்தான் வழக்கே இருக்கிறது. லயனிலிருந்து (எஸ்டேட் குடியிருப்பு) அன்றைய மலைக்குப் போகும் வழக்கமான பாதைதானா? எத்தனை மணிக்குப் பெயர் எழுதுவார்கள்? அன்று எந்த நம்பர் காட்டில் பறிப்பு என்று முந்திய மாலை சொன்னது யார்? வழியில் வேறு காரியத்துக்காகத் திரும்பிப் போயிருந்தால் கேஸ் பலவீனப்படும். கூடவே நடந்த பெண்களிடம் இந்த வாரத்துக்குள் எழுதி வாங்குங்கள். வனச்சரக அலுவலகத்தின் அறிக்கையில் இடமும் நேரமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, நகல் எடுத்து வையுங்கள்.

வனத்துறை தருவது அரசின் நிவாரணம். அதை வாங்கினால் எஸ்டேட்டின் கடமை தீர்ந்துவிடாது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். பறித்துக்கொண்டிருக்கும்போதே காட்டெருமை முட்டினால் இந்த விவாதமே தேவையில்லை. யானைத் தடமும் காட்டெருமை நடமாட்டமும் உள்ள மலையில் வேலைக்கு அனுப்புகிற நிர்வாகம், அந்த ஆபத்தும் வேலையோடு வருவது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இடுப்பு எலும்பு முறிவு சட்டப் பட்டியலில் இல்லாத காயம். அதற்குச் சதவீதத்தை மருத்துவர் மதிப்பிட வேண்டும். சாதாரண ஊனச் சான்றிதழ் போதாது. உடல் எவ்வளவு ஊனம் என்பது வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு. சரிவில் ஏறி நின்று, முதுகில் இலைச் சுமை தூக்குகிறவருக்கு 30 சதவீத உடல் ஊனம், வேலையில் அதைவிடப் பெரிய இழப்பாக இருக்கலாம். அவர் செய்யும் வேலை என்ன என்று மருத்துவரிடம் விளக்கிச் சொல்லி, சம்பாதிக்கும் திறனை இழந்த அளவை எழுதித் தரக் கேளுங்கள்.

கவாத்து வெட்டும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்தது. 70 நாள் வேலைக்குப் போகவில்லை. மாதம் 12,000 வரும். லீவு கணக்கில் கழித்துவிட்டார்கள்.
– வாசகர், குந்தா

லீவில் கழிப்பதற்கு இது நீங்களாக எடுத்த விடுப்பு இல்லை. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் தர வேண்டும். உங்களுக்கு 3,000, அதாவது மாதம் 6,000. ஊனம் 28 நாளுக்குக் குறைவு என்றால் முதல் மூன்று நாளைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். உங்களுக்கு 70 நாள் ஆனதால் முதல் நாளிலிருந்தே உண்டு, முதல் தவணை 16-ஆம் நாள் வந்திருக்க வேண்டும். மருத்துவச் செலவின் ரசீதுகளைத் தனியாகக் கொடுத்து முழுதும் வாங்குங்கள். எலும்பு கூடியபின் கால் மடங்கவில்லை, சரிவில் நிற்க முடியவில்லை என்றால் நிரந்தரப் பகுதி ஊனத்துக்கும் கேட்கலாம். அப்போது ஏற்கெனவே இழப்பீடாக வாங்கிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

கேத்தியில் கேரட் போடுகிறேன். எட்டுப் பேர் வேலைக்கு வருவார்கள், மோட்டார் வைத்த கழுவும் மெஷினும் இருக்கிறது. இப்போது தடுப்புச் சுவர் கட்ட மண் வெட்டும் வேலையை மேஸ்திரியிடம் விட்டிருக்கிறேன். ஏதாவது ஆனால் நான்தான் பொறுப்பா? இன்சூரன்ஸ் எடுத்தால் போதுமா?
– வாசகர், கேத்தி

விபத்துக்கு முன்பே கேட்டீர்கள், நல்லது.

ஒரே ஒரு நாள் கூலிக்கு வந்தவர் என்பதால் விலக்கு கிடையாது. 'தற்செயல் வேலையாள்' என்று பழைய சட்டத்தில் இருந்த விலக்கை 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். எந்தெந்த வேலைக்கு இழப்பீடு உண்டு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மோட்டார், மின்சாரம், டிராக்டர் வைத்துச் செய்யும் விவசாய வேலை அதில் வருகிறது. கழுவும் மெஷினில் சேலை முந்தானையோ கோட்டோ சிக்கினால் நீங்கள் பொறுப்பாவீர்கள். பெல்ட்டுக்கு மூடி போடுங்கள், செலவு சிறிதுதான்.

மேஸ்திரி விஷயம் கொஞ்சம் வேறு. ஒருவர் தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டால், அடிபட்டவர் நேராக வேலையை விட்டவரிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். எஸ்டேட் முதலாளி கவாத்தை ஒப்பந்தத்துக்கு விட்டால் இதில் சிக்குவார். சுவர் கட்டுவது உங்கள் தொழில் அல்ல என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் ஆளை நீங்களே கூப்பிட்டு, நாள் கூலியை நீங்களே கொடுத்து, மேஸ்திரி பெயருக்கு மட்டும் இருந்தால், முதலாளி நீங்கள்தான். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். மேஸ்திரி தன் ஆட்களுக்குப் பாலிசி எடுத்த நகலைப் பார்த்த பிறகு மண்ணில் மண்வெட்டியை வைக்கச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேல் பக்கம் தடுப்புச் சுவர் வேலையில் ஆறு பெண்கள் மண்ணுக்கடியில் போனதை இந்த மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செங்குத்தாக வெட்டாதீர்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள். மேலே பழைய கட்டடம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதைப் பார்க்காமல் கீழே தோண்டாதீர்கள். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம்.

இன்சூரன்ஸில் 'பணியாளர் இழப்பீட்டு பாலிசி' என்று தனியாகக் கேளுங்கள். தனிநபர் விபத்து பாலிசி இதற்கு ஈடு ஆகாது. பிரீமியம் குறைய வேண்டும் என்று எட்டுப் பேரை நாலு என்றும், 14,000 சம்பளத்தை 8,000 என்றும் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. விபத்து வந்தால் வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும். மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா, வட்டி சேர்ந்திருக்கிறதா, ஒப்பந்த ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களா என்று பாலிசியில் பாருங்கள். காலம் தாழ்த்தியதற்கான அபராதத்தைக் கம்பெனி கட்டாது, அது முதலாளியின் பையிலிருந்துதான் போகும். "கம்பெனி பணம் தரட்டும், பிறகு தருகிறேன்" என்று காத்திருந்தாலும் வட்டி ஓடும்.

வேலைக்கு எடுக்கும்போதே, இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது 2017 முதல் கட்டாயம். தராவிட்டால் பழைய சட்டத்தில் 50,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் இருந்தது, கடமை புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவருக்குத் தமிழில் கொடுத்தால் கொடுத்ததாகாது.

எஸ்டேட்டில் வேலை பார்த்த ஜார்க்கண்ட் பையன், வயது 27, மரம் விழுந்து 2025 மே மாதம் இறந்துபோனான். சம்பளம் 15,000. உடலை எடுத்துப்போக வந்த அண்ணனிடம் மூன்று லட்சம் கொடுத்து ரசீது வாங்கினோம். இப்போது மனைவி பெயரில் நோட்டீஸ் வந்திருக்கிறது.
– எஸ்டேட் அலுவலர், குன்னூர்

நல்ல எண்ணத்தில் கொடுத்தீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் சட்டத்தின் கணக்கில் அந்த மூன்று லட்சம் இழப்பீடு ஆகாது. சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும், அவர்தான் பங்கிட்டுக் கொடுப்பார். குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுப்பதில் மூன்று மாதச் சம்பளம் வரை மட்டும் முன்பணமாகக் கணக்கில் ஏறும். அதுவும் சார்ந்திருப்பவரிடம் கொடுத்திருந்தால்தான். வயது வந்த அண்ணன் சட்டப்படி சார்ந்திருப்பவர் பட்டியலிலேயே இல்லை.

தொகையைப் பார்ப்போம். சாவுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், அதாவது 7,500. 27 வயதுக்குக் காரணி 213.57. பெருக்கினால் 16,01,775. இறுதிச் சடங்குச் செலவு தனி. (சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தாலும் 2020 ஜனவரி 3 முதல் நடந்த விபத்துகளுக்கு 15,000 என்றே கணக்கிடுகிறார்கள்.) வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வாரமே செலுத்துங்கள். சாவு நடந்த ஏழு நாளுக்குள் அறிக்கை அனுப்பினீர்களா என்றும் பாருங்கள். அந்தப் பெண் நீலகிரிக்கு வந்து அலையத் தேவையில்லை. அவர் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

லயன் வீட்டுச் சுவர் இடிந்து என் மகள் கையில் எலும்பு முறிந்தது. அவள் எஸ்டேட்டில் வேலை செய்யவில்லை, பள்ளிக்கூடம் போகிறாள். கேட்க முடியுமா?
– வாசகி, தேவாலா

முடியும். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளிக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அடிபட்டாலோ சாவு நேர்ந்தாலோ இழப்பீடு தர வேண்டும் என்று 1981-இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் சேர்த்தார்கள். புதிய தொகுப்பும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. முழுக்க முழுக்க குடியிருப்பவர் தவறாலோ இயற்கைப் பேரிடராலோ இடிந்திருந்தால் மட்டும் கிடைக்காது. "மழை அதிகம்" என்ற பதில் நிச்சயம் வரும். தேவாலாவில் ஆண்டுதோறும் கொட்டுகிற மழையைப் பேரிடர் என்று சொன்னால், அந்த மழைக்குத் தாங்காத சுவரை வைத்திருந்தது யார் என்று திருப்பிக் கேட்கலாம். விரிசல் பற்றி முன்பு கொடுத்த மனு, யூனியன் எழுதிய கடிதம், இடிந்த அன்றே எடுத்த படம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். இடிபாட்டை அள்ளிச் செப்பனிடும் முன் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதட்டும்.

பிக்கப் ஓட்டுகிறேன். பர்லியாறு பக்கம் வளைவில் வண்டி கவிழ்ந்தது, என் தவறுதான் என்று வழக்கு. எனக்கு ஒன்றும் கிடைக்காதா?
– வாசகர், ஊட்டி

மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்தில் உங்கள் தவறே உங்களுக்கு எதிராக நிற்கும். இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வி கிடையாது. சரக்கோடு வேலையில் இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், எனவே யோசித்துப் போடுங்கள். வண்டி வாடகை ஒப்பந்தம், மண்டிச் சீட்டு, அன்றைய லோடு பில் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். உரிமையாளர் சம்பளத்தைக் கையில்தான் தருகிறார் என்றால், வேலைக்கு வைத்ததையே மறுக்கக்கூடும். போனில் அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

ஆதாரில் அப்பாவின் வயது 52, உண்மையில் 48. எதை வைத்துக் கணக்கு?
– வாசகர், எடப்பள்ளி

48-க்குக் காரணி 159.80, 52-க்கு 146.20. 15,000 சம்பளத்துக்கு முழு ஊனம் என்றால் இந்த நாலு வயதில் 1,22,400 ரூபாய் வித்தியாசம். பிறந்த தேதிக்கு ஆதார் சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் ஒரு மோட்டார் விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பள்ளி மாற்றுச் சான்றிதழை ஏற்றது. அப்பா படித்த பள்ளியின் பதிவேட்டிலிருந்து சான்று வாங்குங்கள். எஸ்டேட் பேரேட்டிலும் பிஎஃப் கணக்கிலும் என்ன வயது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்து வரும்.

விபத்து நடந்து மூன்று வருஷம் ஆகிறது.
– வாசகர், மஞ்சூர்

இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது விதி. தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம். தொடர் சிகிச்சை, "தருகிறேன், கேஸ் போடாதே" என்று முதலாளி சொல்லிக்கொண்டே வந்தது, இவையெல்லாம் காரணங்கள்தான். மனுவோடு தாமதத்தை விளக்கும் தனி மனுவும், சிகிச்சைச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கியும் கொடுங்கள். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் இல்லையென்றால், நாளையே போய் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.